ஆச்சி எழுதிய செயலின்மை விதி

ஆச்சி,

மஸ்கட் போகப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன். மகளுக்குப் பிரசவம். நானும் என் மனைவியும் போனால் திரும்ப ஆறேழு மாதமாகும். சட்டைகளை மடிக்கும்போது ஒன்றின் பையிலிருந்து உங்கள் கண்டனூர் அறைச் சாவி விழுந்தது. சாண் நீள இரும்புச் சாவி, தேங்காயெண்ணெய் வாசத்தோடு. பூட்டு இறுகிவிடக் கூடாதென்று எண்ணெய் போட்டுக்கொண்டே இருப்பீர்கள். நீங்கள் போன பிறகு அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். சாவியைக் கையில் வைத்தபடி கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். மனைவி எட்டிப் பார்த்து, ஆச்சி ஞாபகமா என்று கேட்டுவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போனாள்.

நம் பழக்கமே சண்டையில்தான் தொடங்கியது. காரைக்குடி பேருந்து நிலையத்துப் பக்கம் மருந்துக்கடை நடத்திய நீங்களும், மின்வாரிய அலுவலகத்தில் இருந்த நானும், முகம் தெரியாமலேயே இணையத்தில் ஒரே கலைக்களஞ்சியத்துக்குச் சம்பளமில்லாமல் எழுதிக்கொண்டிருந்தோம். பள்ளத்தூரில் எங்கள் தெரு ஊருணியைப் பற்றி நான் ஒரு கட்டுரை எழுதினேன். ஒரு காலத்தில் அதில் கால் நனைக்கக்கூட யாரையும் விடமாட்டார்கள், குடிக்கிற தண்ணீர் என்று ஊர்க்கட்டுப்பாடு இருந்தது என்று ஒரு வரி. 'ஆதாரம் இல்லை' என்று அந்த வரியை நீக்கினீர்கள். என் அப்பா சொன்னதுக்கு என்ன ஆதாரம் வேண்டும் என்று, கட்டுரையோடு இருக்கும் உரையாடல் பக்கத்தில் நான் குதித்தேன். நீங்கள் அசையவில்லை. பிறகு ஒருநாள் ரத்தக்கொதிப்பு மாத்திரைக்காக உங்கள் கடைக்கு வந்தேன். சீட்டில் என் பெயரைப் பார்த்துவிட்டு, "ஊருணிக்கு ஆதாரம் கெடச்சிருச்சா?" என்றீர்களே, எனக்கு ரத்தக்கொதிப்பு அங்கேயே ஏறிவிட்டது. அன்றிலிருந்து உங்கள் வாயில் எனக்குப் பெயர் மின்சாரம்.

நம் பக்கத்து ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்ததும், கண்டனூர் பெரிய வீட்டில் உங்கள் பங்குக்கு வந்த அறையைக் கூடுவதற்குக் கொடுத்தீர்கள். கல்யாணத்துக்கு மட்டும் திறக்கிற வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் மடிக்கணினியும் பக்கோடாவுமாக நாங்கள். அங்கேதான் நம் நிர்வாகச் சொற்களுக்கு விளக்கம் எழுத ஆரம்பித்தோம். நிர்வாகி என்றால் யார், எதையெல்லாம் செய்யலாம், முடிவு எப்படி எடுப்பது, சொந்த விஷயத்தில் கை வைக்கலாமா என்பதெல்லாம் அதுவரை ஆளுக்கொரு விதமாக இருந்தது. நலமுரண் என்ற சொல்லுக்கு விளக்கமே நீங்கள்தான். உங்கள் கோயிலைப் பற்றிய கட்டுரையில் பிழை கண்டால்கூட நீங்கள் தொடமாட்டீர்கள். உரையாடல் பக்கத்தில் எழுதிவிட்டு வேறு யாராவது பார்க்கட்டும் என்று காத்திருப்பீர்கள்.

இணக்க முடிவு என்பதில்தான் எல்லோரும் வழுக்கினோம். எல்லோரும் சம்மதித்தால்தான் முடிவு என்று பெருமையாக எழுதினோம். நம் பக்கத்துப் புத்தி வேறெப்படிப் போகும்? பொது வீட்டில் ஓடு மாற்றவும் பங்காளிகள் அத்தனை பேரும் ஒப்பவேண்டும் என்று பார்த்து வளர்ந்தவர்கள். நீங்கள் எழுந்து எங்களைப் பக்கத்து அறை வாசலுக்குக் கூட்டிப் போனீர்கள். கதவில் பூட்டு தொங்கியது. சாவிக்காரப் பங்காளி மலேசியாவில். உள்ளே கூரை ஒழுகுவது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பங்காளியின் பூட்டை உடைப்பது மரியாதை இல்லை என்று வருடக்கணக்கில் விட்டுவிட்டார்களாம். ஒரு மழைக்காலத்தில் தேக்கு உத்தரம் இற்று, பாதிக் கூரையோடு கீழே வந்துவிட்டது. சன்னல் இடுக்கில் எட்டிப் பார்த்தோம், உள்ளே வானம் தெரிந்தது.

"யாரும் வேணாம்னு சொல்லல. சொல்ல வேண்டியவுக ஊர்ல இல்ல, அவ்வளவுதான்" என்றீர்கள்.

திரும்பி வந்து அந்த வரியை அழித்தோம். ஆட்சேபம் இருந்தால் காரணத்தோடு சொல்லவேண்டும், காரணத்துக்குப் பதில் சொல்லவேண்டும், குறித்த கெடு முடிந்ததும் முடிவெடுக்கவேண்டும் என்று எழுதினோம். சூட்டோடு சூடாகச் செயலின்மை விதியையும் நீங்களே எழுதினீர்கள். ஒரு வருடம் பணி செய்யாத நிர்வாகிக்கு அறிவிப்பு வைப்பது, ஒரு மாதம் காத்திருப்பது, பிறகு நிர்வாகக் கருவிகளைத் திரும்பப் பெறுவது. திரும்பி வந்தால் மறுபடி கேட்டுக்கொள்ளலாம். பக்கத்தை அழிக்கவும் ஆளைத் தடுக்கவும் கூடிய கருவி, கேட்பாரற்றுக் கிடக்கக் கூடாது என்பது உங்கள் கட்சி. அதில் முதலில் அடிபட்டது, குழுவைத் தொடங்கிவிட்டு வெளிநாட்டில் மகனோடு போய்த் தங்கிவிட்ட ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவரையா எடுப்பது என்று முணுமுணுத்தோம். ஆச்சிக்கு மனசே கிடையாது என்று சிலர் உங்கள் காதுபடவே சொன்னார்கள். நீங்கள் பக்கோடாத் தட்டை அவர்கள் பக்கம் தள்ளினீர்கள்.

அப்புறம் உங்கள் சிறுநீரகம் கெட்டது. டயாலிசிஸ், கடையை விற்றது, மயக்கம், மறுபடி ஆஸ்பத்திரி. ஒரு வருடம் ஓடியதே எங்களுக்குத் தெரியவில்லை. செயலின்மைப் பட்டியலில் உங்கள் பெயர் வந்து நின்றது. அறிவிப்பு வைக்கும் முறை அப்போது என்னுடையது.

ஆச்சிக்கு மட்டும் கௌரவ நிர்வாகி என்று ஒன்று வைத்துவிடலாம், கருவிகள் அவரிடமே இருக்கட்டும் என்று குழுவில் எல்லோரும் சொன்னார்கள். எனக்குப் பெரிய நிம்மதி. நல்ல சேதி சொல்கிற மிதப்பில் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். கையில் ஊசியோடு சாய்ந்திருந்தீர்கள். முழுவதும் கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். தூங்கிவிட்டீர்கள் என்றே நினைத்தேன்.

"மின்சாரம், தெரிஞ்சவுக வீடுன்னா ஃபியூஸைப் புடுங்காம விட்ருவீகளா?"

விடமாட்டேன் என்றேன்.

"அப்ப இதையும் புடுங்குங்க. நான் போனதுக்கப்புறம் புடுங்கினா அது விதி இல்ல, சடங்கு. இருக்கையில புடுங்குனாத்தான் நாளைக்கு இன்னொருத்தர்கிட்ட உங்களால கேக்க முடியும்."

கௌரவம் என்று ஆரம்பித்தேன். கௌரவமாக ஒரு இளநீர் வாங்கித் தந்தால் போதும், ஆனால் இந்த வியாதிக்கு அதையும் குடிக்கக் கூடாது என்று சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படுத்திருக்கிற மனுஷியிடம் போய்ப் பிடுங்கச் சொல்கிறீர்களே, இதென்ன பிடிவாதம் என்று உங்கள் மேல் கோபமாக வந்தது. நான் உங்களுக்குச் செய்கிற கடைசிக் காரியம் இதுவாகப் போய்விடுமோ என்று பயம் வேறு. வீட்டுக்கு வந்து அறிவிப்பைத் தட்டுவதும் அழிப்பதுமாக இருந்தேன். கடைசியில் எல்லோருக்கும் வைக்கிற அதே வாசகத்தை, உங்கள் பெயரை மட்டும் போட்டு வைத்தேன். வைத்துவிட்டு அழுதேன், ஆச்சி.

மறுநாளே அதன்கீழ் உங்கள் கருத்து இருந்தது. 'ஆதரவு. விதி பொது.' அதற்கு அடுத்த வரி: 'அறிவிப்பாளர் ஆதாரம் இணைக்கவில்லை. பங்களிப்புப் பட்டியலுக்கு இணைப்புத் தரவும்.' அழுத கண்ணோடு சிரித்துவிட்டேன். இணைப்பும் தந்தேன்.

கருவிகள் போன பிறகு சாதாரணப் பயனராக, ஊசி போடாத கையால் கைபேசியில் எழுத வந்தீர்கள். கல்லூரிப் பையன் ஒருவன் உங்கள் ஆவாரைக் கட்டுரையை மாற்றி மாற்றி எழுதியபோது, முன்போல் பக்கத்தைப் பூட்ட உங்களால் முடியாது. அவனோடு மல்லுக்கட்டிப் பேசி ஒப்பவைத்தீர்கள். இப்போது அவன் நம் குழுவில் இருக்கிறான், உங்களைப்போலவே ஆதாரம் கேட்டு என் உயிரை வாங்குகிறான்.

உங்கள் கடைசித் திருத்தத்தை உங்கள் காரியம் முடிந்து வந்த அன்றுதான் பார்த்தேன். பள்ளத்தூர் ஊருணிக் கட்டுரை. கால் நனைக்கக் கூடாது என்ற என் பழைய வரி இருந்த இடத்தில் மறுபடி நின்றது. கீழே ஒரு கோயில் குடமுழுக்கு மலரின் பக்க எண். திருத்தக் குறிப்பில் இரண்டே சொல்: 'ஆதாரம் கிடைத்துவிட்டது.' அந்த மலரை எங்கே, யாரைப் பிடித்துத் தேடினீர்களோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதன்பிறகு எத்தனையோ பேருக்கு அறிவிப்பு வைத்துவிட்டேன். சிலர் கோபித்தார்கள், சிலர் போனில் கத்தினார்கள். ஆச்சிக்கே வைத்தவன் என்றதும் அடங்கிவிடுவார்கள். எனக்கும் இப்போது தயக்கமில்லை. நீங்கள் கொடுத்துவிட்டுப் போன தைரியம் அது.

பெட்டியை அப்படியே போட்டுவிட்டு இப்போது ஒரு காரியம் செய்தேன். மஸ்கட்டில் பேரக்குழந்தையோடு உட்கார்ந்தால் களஞ்சியப் பக்கம் எட்டிப் பார்ப்பேனா என்பது எனக்கே சந்தேகம். ஒரு வருடம் ஆகட்டும் என்று காத்திருக்கவில்லை. என் நிர்வாகக் கருவிகளை எடுத்துக்கொள்ளுங்கள் என்று நானே கேட்டு எழுதிவிட்டேன். சாவியைக் கொடுக்க அந்த ஆவாரைப் பையனை வரச் சொன்னேன். வாசலில் வந்து நின்று, பூட்டுக்கு என்ன எண்ணெய் போடவேண்டும் என்று கேட்டான். தேங்காயெண்ணெய் என்றேன். சாவி ஊரிலேயே இருக்கிறது, ஆச்சி.