ஊதா விளக்கு அணைந்த பிறகும்

14 டிசம்பர் 2024, சனி

பேய் வீட்டு ஷோவில் நடிக்கும் ஆறு பேய்களுக்கும் முகம் போட்டு முடிக்க இன்று ஒன்றரை மணி நேரம். கல்யாணப் பெண் ஒருத்திக்கே மூன்று மணி நேரம் எடுத்துக்கொள்கிற எனக்கு இந்த வேகம் இன்னும் பழகவில்லை. ஒளிரும் பெயின்டை ஈர ஸ்பாஞ்சில் தொட்டு கன்னத்தில் இரண்டு பூச்சு, தாடை எலும்புக்கு ஒரு கோடு. கண்ணுக்கு ஒரு விரல் தள்ளியே என் கை நின்றுவிடும். உள்ளே ஊதா ட்யூப் எரிகிறவரை முகம் பச்சையாக ஜொலிக்கும். ட்யூப் அணைந்தால் முகமும் அணைந்துவிடும். அவ்வளவுதான் வித்தை.

கிணற்றுப் பேயாக நடிக்கும் பார்வதம் அக்காவைப் பார்த்து இன்று ஒரு குழந்தை சிரித்துவிட்டது. "அம்மா, இந்த ஆன்ட்டி மூஞ்சில மாவு" என்றது. கூட்டமே சிரித்தது.

சாயங்காலம் மேனேஜர் வரதன் அண்ணன் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார். "பொங்கலுக்கு அப்பால மூணு பேய்தான். யாரைப் பாத்து ஜனம் கத்துதோ அவங்க இருப்பாங்கோ. மத்தவங்க பொட்டி கட்டலாம்." பார்வதம் அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. மற்ற ஐந்து பேரும் முப்பதைத் தொடாதவர்கள்.

21 டிசம்பர், சனி

பார்வதம் அக்காவின் முகம் நான் போட்டதைவிடப் பிரகாசமாகத் தெரிகிறது. "மேல ஏதாவது பூசினீங்களாக்கா?" என்று கேட்டேன். "நீ போட்டதுதான் கண்ணு." இருக்கட்டும்.

22 டிசம்பர், ஞாயிறு

இதை எழுதிவைத்தே ஆக வேண்டும்.

மதியம் மூன்று மணிக்கு கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓட ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். அப்போது நான் கிணற்று அறையில் நின்றுகொண்டிருந்தேன். ஊதா ட்யூப் அணைந்தது. நடைபாதையில் நின்ற எலும்புக்கூடு, அதாவது அருள், இருந்த இடம் தெரியாமல் மறைந்தான். சரிதான். ஆனால் கிணற்றுக்குள் ஒரு முகம் மட்டும் மறையவில்லை. பச்சையாக, இமைகூட தனியாகத் தெரிய, அப்படியே நின்றது. வந்திருந்த காலேஜ் பெண்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். நானும்தான் கத்தினேன்.

பிறகுதான் யோசித்தேன். ட்யூப் இல்லாமல் என் பெயின்ட் எப்படி எரியும்? அதுவும் இமையில்? இமையில் நான் தொட்டதே இல்லையே.

24 டிசம்பர், செவ்வாய்

போன வாரம் வந்த பெயின்ட் டப்பாக்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பழைய டப்பாவில் எல்லாம் அச்சடித்திருந்தது. இதில் ஒரு எழுத்துகூட இல்லை. வரதன் அண்ணன் வாங்கி வந்தது.

"எங்க வாங்கினீங்கண்ணே?"

"பாரிஸ் கார்னர்ல."

"பில் இருக்கா?"

"இன்னா எழிலு, பில்லு கேக்குற? நீ இன்னா ஆபீசரா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. போனவர் திரும்பி வந்து, "யார்னா எதுனா சொன்னாங்களா?" என்று கேட்டார். ஒளிக்க எதுவும் இல்லாதவர் ஏன் திரும்பி வந்து கேட்க வேண்டும்?

மூடிகளின் விளிம்பில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்தேன். நான் இல்லாதபோது யாராவது திறந்தால் புள்ளி உடையும்.

27 டிசம்பர், வெள்ளி

புள்ளிகள் உடையவில்லை. அப்படியென்றால் டப்பாவுக்குள் வரும்போதே ஏதோ கலந்து வருகிறது. மலிவாகக் கிடைக்கிறதென்று எதையோ வாங்கிவந்து எங்கள் தலையில் கட்டுகிறார்.

28 டிசம்பர், சனி

பார்வதம் அக்காவின் வலது கண் திறக்கவே இல்லை. இமை வீங்கி, தக்காளிப் பழம் மாதிரி. தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறது. "தூசி விழுந்துச்சு" என்கிறார்.

வரதன் அண்ணன் எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்தார். "ஒன் கைதானம்மா பட்டுச்சு?"

என் கையா? என் கையா! பதினோரு வருஷமா எத்தனை பொண்ணுங்களுக்குப் போட்டிருக்கேன், ஒருத்திக்கு ஒரு கொப்புளம் வந்திருக்குமா? குப்பையை வாங்கிட்டு வந்தது யாரு? அதை என் தலையில கட்டப் பாக்கறது யாரு?

ஓனருக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிவிட்டேன். பேர் இல்லாத டப்பா, பில் இல்லை, மேனேஜர்தான் வாங்கினார், கண் போகிற நிலைமை என்று எல்லாம் சொன்னேன். அரை மணி நேரத்தில் ஓனர் நேரில் வந்து, ஆறு பேர் முன்னால் வரதன் அண்ணனைக் கிழித்துவிட்டார். "திருட்டுப்பய" என்றும் சொன்னார். வரதன் அண்ணன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மனசு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

29 டிசம்பர், ஞாயிறு

முதல் நாளே செய்திருக்க வேண்டியதை இன்று செய்தேன். அந்தப் பேர் இல்லாத டப்பாவிலிருந்து எடுத்து என் முழங்கையில் பூசிக்கொண்டு ஊதா ட்யூப் அடியில் பத்து நிமிஷம் நின்றேன். ட்யூபை அணைத்தேன்.

இருட்டு. கை தெரியவில்லை.

இன்னொரு டப்பா. அதுவும் இருட்டு. எல்லா டப்பாவும்.

பெயின்டில் எதுவும் இல்லை. வரதன் அண்ணன் மேல் தப்பே இல்லை. புள்ளி வைக்கத் தெரிந்த எனக்கு இதைச் சோதிக்கத் தெரியாமல் போயிற்றே. அல்லது, சோதிக்க நானே விரும்பவில்லையா?

அப்போதுதான் அருள் வேலைக்கு வந்தான். இன்னும் வேஷம் போடவில்லை. இருட்டு நடைபாதையில் அவன் சட்டைக் கைமடிப்பு மட்டும் பச்சையாக வந்தது.

வாரநாட்களில் அவன் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் போர்டு எழுதும் பட்டறையில் இருக்கிறான். இருட்டில் எரிகிற 'வெளியே செல்லும் வழி' போர்டுகள் அங்கேதான் செய்கிறார்கள். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"இது என்ன அருள்?"

"ரேடியம் பவுடருக்கா. பேருதான் ரேடியம். லைட்ல காட்டுனா அப்பால இருட்டுல எரியும். போர்டுக்குப் போடறது."

"பார்வதம் அக்கா மூஞ்சில போட்டது நீயா?"

முகம் வெளுத்துவிட்டது. "நான் போடலக்கா. கொண்டாந்து குடுத்தேன், அது நெஜம். கேட்டது யாருன்னு மட்டும் கேக்காதீங்க."

கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை.

30 டிசம்பர், திங்கள்

பார்வதம் அக்காவை கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கருவிழியில் கீறல் என்றார் டாக்டர். பொடி கண்ணாடித்தூள் மாதிரி நறநறவென்று இருந்திருக்கிறது. இன்னும் இரண்டு நாள் தேய்த்திருந்தால் பார்வை போயிருக்கும். இப்போது மருந்து விட்டால் ஆறிவிடும். ஆனால் கண் பக்கம் எதையும் பூசக்கூடாது, பல மாதத்துக்கு.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் அவரே ஆரம்பித்தார். நான் முகம் போட்டு அனுப்பிய பிறகு, பாத்ரூமில் வாசலினில் பொடியைக் குழைத்து மேலே பூசிக்கொண்டாராம். இமையிலும்.

"வேலை போயிடும்னு பயமாக்கா?"

"வேலை எங்கனா கெடைக்கும். பதினெட்டு வருசம் எஸ்டேட்ல ஒரு கம்பெனில பெருக்கிகினு இருந்தேன். நான் குனிஞ்சிகினு இருப்பேன், தாண்டித் தாண்டிப் போவாங்கோ. ஒருத்தனுக்கும் என் மூஞ்சி தெரியாது. இங்க ஒவ்வொருத்தனும் என் மூஞ்சிய நல்லா பாத்துட்டுதான் கத்துறான். அத வுட மனசு வரல கண்ணு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா போட வுட்டிருப்பியா?"

விட்டிருக்க மாட்டேன்.

"வரதனத் திட்டும்போதே சொல்லியிருக்கணும். வாய் வரல" என்று புடவைத் தலைப்பால் நல்ல கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் மட்டும் என்ன ஒழுங்கு?

4 ஜனவரி 2025, சனி

வரதன் அண்ணனின் ரூமுக்குப் போய், எல்லாவற்றையும் சொல்லி, மன்னிப்புக் கேட்டேன். ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"என்னை ஆறு பேர் முன்னாடி திருட்டுப்பயன்னாரு. நீ கதவ சாத்திகினு மன்னிப்பு கேக்குற."

ஒரு நிமிஷம் எனக்குக் கோபம்கூட வந்தது. பிறகு வெளியே வந்து ஆறு பேரையும் கூப்பிட்டேன். ஓனருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டேன். நான் விசாரிக்காமல் சொன்னேன், வரதன் அண்ணன் வாங்கிய பெயின்டில் ஒரு குறையும் இல்லை என்றேன். அருள் குறுக்கே வந்து, "பவுடர் குடுத்தது நான் சார்" என்றான். பார்வதம் அக்கா, "கேட்டது நானு" என்றார். ஓனர், "வரதா, நீயே பாத்துக்கோ" என்று வைத்துவிட்டார். வரதன் அண்ணனிடம் அவர் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை.

வரதன் அண்ணன் யாரையும் அனுப்பவில்லை. அருளிடம் மட்டும், "அந்தப் பவுடரு இந்தக் கதவத் தாண்டி வரக்கூடாது, ஆமா" என்றார். என்னிடம் "சரிங்க மேடம்" என்றார். மேடம்.

9 ஜனவரி, வியாழன்

புது டப்பா வந்திருக்கிறது. ஒவ்வொன்றிலும் பில்லின் நகல் செல்லோ டேப் போட்டு ஒட்டியிருக்கிறது. நான் கேட்கவே இல்லை.

19 ஜனவரி, ஞாயிறு

மூன்று பேர் பட்டியல் ஒட்டிவிட்டார்கள். அருள் இருக்கிறான். பார்வதம் அக்காவின் பேர் இல்லை. என்னால் அவரை நேராகப் பார்க்க முடியவில்லை.

1 பிப்ரவரி, சனி

பார்வதம் அக்காவுக்கு கண் முழுசாகத் திறந்துவிட்டது. வரதன் அண்ணன் அவரை வெளிவாசலுக்கு முந்தின வளைவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்திருக்கிறார். கூட்டம் நெரிக்காமல் வெளியே அனுப்புவதுதான் வேலை. சாதாரண குண்டு பல்பு. நூல் புடவை. முகத்தில் நான் ஒரு துளிகூடப் போடவில்லை.

கடைசி ஷோவுக்கு நான் அந்த வளைவில் நின்று பார்த்தேன். ஐந்தாறு வாலிபர்கள் வேர்த்து விறுவிறுத்து உள்ளேயிருந்து வந்தார்கள். வெளிச்சத்தைப் பார்த்ததும் சிரிப்பு. ஒருவன் அக்காவைத் தாண்டிப் போய்க்கொண்டே, "மச்சான், முடிஞ்சிச்சுடா" என்றான்.

அக்கா மெதுவாகத் தலையை நிமிர்த்தினார். அவனை, அவனை மட்டும், கண் கொட்டாமல் பார்த்தார்.

"முடிஞ்சிச்சுன்னு யார்ரா சொன்னது?"

அன்று கரண்ட் போனபோதுகூட அப்படி ஒரு அலறல் கேட்கவில்லை. ஒருவன் செருப்பை விட்டுவிட்டே ஓடினான். எனக்கும் முதுகில் சில்லென்றது, இத்தனைக்கும் நான் அவரோடு சேர்ந்து டீ குடித்துவிட்டு வந்தவள்.

கொஞ்ச நேரத்தில் செருப்பை விட்டவன் தயங்கித் தயங்கித் திரும்பி வந்தான். "அக்கா, ஒங்க கூட ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"

"இரு நைனா" என்று பார்வதம் அக்கா முன்முடியை ஒதுக்கிக்கொண்டு, பல்புக்கு நேராக நாற்காலியைத் திருப்பிப் போட்டார்.