மேட்டு பங்களாக் குளமும் ஒன்பது பிள்ளைகளும்

வட்டகொடை,
ஜனவரி 11, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் மதுரனுக்கு,

கடல் நடுவே வேலை பார்க்கிற பிள்ளைக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று முத்துமாரியம்மனைத் தினமும் கும்பிட்டுக்கொண்டு அப்பா எழுதுவது. இங்கே எங்கள் இரண்டு பேருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி, அது இல்லாத வருஷம் எது. இரண்டு நாளைக்கு ஒருமுறை போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பாய். போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்லி மடியில் வைத்துக்கொள்கிறாள், பக்கத்து வீட்டு ஆட்களும் வந்து உன்னிடம் சுகம் கேட்கிறார்கள், அந்தக் கூட்டத்தில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது. நம் பிரதாப் லீவு முடிந்து உன் பக்கத்துத் தீவுக்குத்தான் திரும்பிப் போகிறான், அவன் கையில் கொடுத்து விடுகிறேன். ஓட்டல் குளத்துக் காவல் முடிந்து அறைக்கு வந்து, சாப்பிட்ட பிறகு படி. யாருக்கும் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, அந்தப் பயம் வேண்டாம்.

முதலில் நீ கேட்ட நீச்சல் அணிச் செய்திகள். கண்டிப் போட்டி 24ஆம் தேதி சனிக்கிழமை, காலை எட்டரைக்குத் தொடக்கம். சிவனேஸ்வரி டீச்சர் பெயர்களைக் கொடுத்துவிட்டார். அந்த அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து கணக்குப் படிப்பிக்க வந்தவர், நீ போன நாளிலிருந்து உன் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நம் பிள்ளைகளுக்காக இவ்வளவு பாடுபடுகிறார், எந்த சாமி புண்ணியமோ. பதினாலு வயதுக்குக் கீழ் பெண்கள் ஐம்பது மீட்டரும் நூறு மீட்டரும் பூரணி. பன்னிரண்டு வயதுக்குக் கீழ் தவளை நீச்சலில் லோஜன். அவ்வளவுதான் மகனே, பட்டியல் முடிந்துவிட்டது. நீ விட்டுவிட்டுப் போன ஒன்பது பேரில் இப்போது இரண்டு பேர். பெண்கள் நாலு பேர் மாறி மாறி நீந்துகிற அஞ்சல் போட்டிக்குத்தான் நீ ஆசைப்பட்டாய், அதை டீச்சர் அடித்துவிட்டார், கோடு போடும்போது நான் பக்கத்தில் இருந்தேன். மார்ச்சில் கொழும்புப் போட்டி வருகிறதாம், அதைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார், போட்டி நடக்குமோ நாம் இருப்போமோ என்று. மேல் லயத்து வரிசை வீட்டு மூன்று குடும்பங்கள் மண்சரிவுக்குப் பயந்து இன்னும் பள்ளிக்கூடத்திலும் சொந்தக்காரர் வீட்டிலும்தான் இருக்கின்றன. ஒரு குடும்பம் கொழும்புக்கே போய்விட்டது. மற்றவர்கள் பிள்ளைகளை விட மாட்டோம் என்கிறார்கள். பழனியாண்டி என்னிடமே வந்து, "தண்ணியப் பாத்தாலே இப்ப ஈரக்கொலை நடுங்குதுண்ணே, இனிமே எம்புள்ள நீந்திக் கிழிச்சது போதும்" என்றான். இத்தனைக்குப் பிறகும் டீச்சர் விடுவதாக இல்லை. "ரெண்டு பேர் எண்டாலும் நான் கூட்டிக்கொண்டு போவன் ஐயா, பேர் குடுத்தாச்சு, இனி விலக ஏலாது" என்கிறார். போன மாதம் நீ பார்சலில் அனுப்பிய நீச்சல் கண்ணாடிகள் ஒன்பதில் இரண்டைக் கொடுத்தேன், ஏழு அலமாரியில் பிரிக்காமல் கிடக்கின்றன.

குளம் எப்படி இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறாய், நானும் சேறு அள்ளுகிறார்கள் அள்ளுகிறார்கள் என்று சொல்லிச் சமாளிக்கிறேன். சேறு அள்ளி முடிந்து மூன்று வாரமாகிறது. லயத்து ஆட்கள் பெரட்டில் பேர் கொடுத்து நாள் வேலை முடிந்து வந்து, கூலி கேட்காமல் அள்ளிப் போட்டார்கள். அள்ளியதும்தான் தெரிந்தது, மேல் பக்கத்து நீளச் சுவர் முழுதாக உள்ளே சாய்ந்து கிடக்கிறது, தரை வயிறு மாதிரி உப்பி நடுவில் வெடித்திருக்கிறது. அதில் இனி ஒரு வாளித் தண்ணீர் நிற்காது. வெள்ளைக்காரன் மேட்டு பங்களாவுக்குக் கட்டின குளம், பாசியும் பாம்பும் குடியிருந்ததை நீயும் உன் கூட்டாளிகளும் ஒரு வருஷம் சுரண்டிப் பூசித் தோட்டத்துத் துரையிடம் கெஞ்சிப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்தீர்கள். "மழைக்கு யாருப்பா என்ன செய்ய முடியும், அத நெனச்சு நீங்க ஒடஞ்சு போகாதீங்க" என்று போனில் நீ சொன்னாயே, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மழை இல்லை மதுரன். நான்தான்.

அந்தக் கார்த்திகை மழை உனக்குத் தெரியும், செவ்வாய்க்கிழமை பிடித்தது. வியாழன் காலையில் நான் குளத்தைப் பார்க்கப் போனபோது தண்ணீர் விளிம்பில் ததும்பிக் கீழ் லயத்துப் பக்கம் வழிந்துகொண்டிருந்தது. கீழே பதினோரு வீடு. ரேடியோவில் இன்னும் பெரிய மழை என்கிறான். நாற்பது வருஷம் இந்தத் தோட்டத்தில் மழைத் தண்ணீர் ஓடுகிற கான் வெட்டினவன் நான், எனக்கு மழை என்றால் ஒரே ஒரு யோசனைதான், வருகிற தண்ணீருக்கு இடம் பண்ணு. மழைக்கு முன்னே கானை வெட்டிவிடு, மண் நிறைந்த குழியைக் காலி பண்ணு, இதைத்தான் மேற்பார்வை பார்த்த கண்டாக்கையா சொன்னார், இதைத்தான் நானும் என் கைக்குக் கீழ் இருந்தவர்களுக்குச் சொன்னேன். வால்வை முழுதாகத் திறந்துவிட்டேன். பின்னேரம் மூன்று மணிக்கெல்லாம் குளம் துடைத்துவிட்ட மாதிரி காலி. பெரிய வேலை செய்துவிட்ட மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் தேத்தண்ணி கேட்டேன். மறுநாள் பகலில் மேல் சரிவு இறங்கிச் சுவரை உள்ளே தள்ளியது. மண் குளத்துக்குள்ளேயே நின்றுவிட்டது, லயத்துக்கு ஒன்றுமில்லை. சனங்கள் எல்லாம், காலிக் குளம் மண்ணை வாங்கிக்கொண்டதால்தான் லயம் பிழைத்தது என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

டிசம்பர் 20 வாக்கில் அரசாங்கத்திலிருந்து ஒரு இஞ்சினியர் வந்தார், சிங்களப் பிள்ளை, உன் வயதுதான் இருக்கும். குளத்தில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று கேட்டார். நான் பெருமையாகச் சொன்னேன், ஒரு சொட்டு இல்லை, நான் முதல் நாளே திறந்துவிட்டேன் என்று. அவர் சாய்ந்த சுவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சிங்களத்தில் சொன்னார், சரிவு சின்னது, குளம் நிறையத் தண்ணீர் இருந்திருந்தால் அது உள்ளிருந்து சுவரைத் தாங்கியிருக்கும், மண் சுவருக்கு வெளியிலேயே நின்றிருக்கும், காலியாக இருந்ததால்தான் நனைந்த மண் சுவரைத் தள்ளித் தரையையும் கீழிருந்து தூக்கிவிட்டது என்று. லயத்துக்கு? என்று கேட்டேன். நிறைந்து வழிகிற குளத்தால் லயத்து வாசல் நனைந்திருக்கும், வேறொன்றும் இல்லை என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, தாத்தா என்கிற மாதிரி சீயா என்று கூப்பிட்டு, உங்களுக்குத் தெரியாதுதானே, நான் மழை என்றே எழுதுகிறேன் என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நல்லது.

தெரியாது என்றா சொன்னார். இதுதான் மகனே நான் உனக்கு எழுத வந்தது. எனக்குத் தெரியும். நீ புறப்படும் முன் பம்ப் அறைக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டினாயே, செய்ய வேண்டியது, செய்யக்கூடாதது என்று, அதில் நாலாவதாகப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தாய், மழை காலத்தில் குளத்தைக் காலி பண்ணவே கூடாது என்று. ஒட்டிவிட்டு என்னை வாசிக்கவும் சொன்னாய். அன்று காலை வால்வைத் திருகும்போது அந்தத் தாள் என் கண்ணுக்கு நேராக இருந்தது. வாசித்தேன். நேற்றுப் பிறந்த பயல் எனக்கு மண்ணைப் பற்றிச் சொல்லித் தருகிறான் என்று நினைத்துக்கொண்டே திருகினேன். இஞ்சினியர் போன அன்று பின்னேரம் போய் அந்தத் தாளைப் பிய்த்து அடுப்பில் போட்டேன். டீச்சர் பார்த்துவிடக்கூடாது என்று. வால்வைத் திறந்தது கூட மூளையில்லாத்தனம் என்று வைத்துக்கொள், அடுப்பில் போட்டேனே அதற்கு என்ன பெயர்.

இன்னும் இருக்கிறது கேள். ஜனவரி முதலாம் தேதி வருஷப் பிறப்புப் பூசையில் கீழ் லயத்து ஆட்கள் என்னைக் கோயில் முன்னால் கூப்பிட்டுப் பொன்னாடை போட்டார்கள். "வீரய்யாண்ணே மட்டும் அன்னிக்கு தண்ணியத் தொறந்து வுடலன்னா நாங்க பதினோரு குடும்பமும் மண்ணுக்குள்ள போயிருப்போம்" என்று ஒருத்தர் மைக்கில் பேசுகிறார், பெண்கள் அழுகிறார்கள், உன் அம்மா முன் வரிசையில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள். நான் குனிந்து கழுத்தைக் கொடுத்தேன். அம்மா அந்தப் பொன்னாடையை மடித்துத் தன் கல்யாணப் புடவையோடு பெட்டியில் வைத்திருக்கிறாள், வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறாள். அவளிடம் எந்த வாயால் சொல்வது.

பூரணியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதம் எழுதியும் பிரயோசனமில்லை. குளம் போய் நாற்பத்து நாலு நாள். கண்டிக்குப் போய்ப் பழகக் கூட்டிப்போக ஆள் இல்லை, பாதி றோட்டு இன்னும் உடைந்து கிடக்கிறது. கொத்மலை அணைப் பக்கம் போகிறேன் என்றாள், காலை முறித்துவிடுவேன் என்று சத்தம் போட்டேன், அங்கே அடி நீர் ஆளை இழுக்கும். அதனால் இந்தப் பிள்ளை என்ன செய்கிறது தெரியுமா, அவள் அம்மா கொழுந்து எடுக்கப் பெரட்டுக்குப் போனதும், நாமெல்லாம் குளிக்கிற, மலைத் தண்ணீர் விழுகிற பீலிக்கு ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் பேசினைக் கொண்டுவந்து நிறைத்து வைத்துக்கொண்டு, கல்லில் குப்புறப் படுத்து முகத்தை அதற்குள் விட்டுக் கையை வீசுகிறது, காலை உதறுகிறது, முகத்தைப் பக்கமாகத் திருப்பி மூச்செடுக்கிறது. ஜனவரிக் குளிர். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி ஆகிவிடுகிறது. தண்ணீர் பிடிக்க வருகிறவர்கள் சிரிக்கிறார்கள், அவள் கவனிப்பதில்லை. என்னைக் கண்டால் விடமாட்டாள். "தாத்தா, மூஞ்சி உள்ள இருக்கையில மட்டும் எண்ணுங்க, மூச்செடுக்கையில எண்ணாதீங்க" என்கிறாள். நான் பக்கத்தில் குந்திக்கொண்டு எண்ணுகிறேன். ஒன்று, இரண்டு, மூன்று. குளத்தைக் கொன்றவன் உட்கார்ந்து எண்ணுகிறேன். நேற்று இருபத்தெட்டு வரை எண்ணிவிட்டு நிறுத்திவிட்டேன். அவள் முகத்தைத் தூக்கி, சொட்டச் சொட்டப் பார்த்து, "ஏன் தாத்தா நிப்பாட்டினீங்க, எனக்கு இன்னும் மூச்சு இருந்துச்சு" என்றாள்.

ஐம்பது மீட்டர் அவளால் இப்போது நீந்த முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. டீச்சருக்கும் தெரியவில்லை. பேசினில் பழகின பிள்ளை, வெந்நீர்க் குளத்தில் வருஷம் முழுக்க நீந்துகிற கண்டிப் பிள்ளைகளோடு நிற்கப்போகிறாள். எனக்கு நம்பிக்கை இல்லை. இனி இங்கே ஒரு குளம் வரும் என்றும் நம்பிக்கை இல்லை. துரை இடத்தை மட்டம் பண்ணித் தேயிலைக் கன்று நடலாமா என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். நீயும் உன் கூட்டாளிகளும் அங்கிருந்து ஏதோ சேர்க்கிறோம் என்கிறீர்கள், சேர்க்க வேண்டாம், எதற்கு.

நீ கோபப்படு. போனில் பேசாவிட்டாலும் கேட்க மாட்டேன், அம்மாவிடம் மட்டும் பேசாமல் இருந்துவிடாதே. அலையடிக்கிற பக்கம் தனியாக இறங்காதே, வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே, அந்த மருந்துத் தண்ணீரில் நாள் பூராவும் நிற்கிறவன் தலைக்கு எண்ணெய் வை. பொங்கலுக்கு அம்மா உன் பெயரில் ஒரு பானை வைப்பாள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஒன்றை மறந்துவிடாதே. 23ஆம் தேதி பின்னேரம் பூரணிக்குப் போன் எடு, டீச்சர் நம்பருக்கு எடுத்தால் கொடுப்பார். அவளுக்கு நீ பேசினால் போதும். போட்டிக்கு வேனில் என்னை முன் சீட்டில் உட்காரச் சொல்லியிருக்கிறாள், போகிறேன், உட்காருகிறேன். திரும்பி வரும்போது, நாவலப்பிட்டியில் தேத்தண்ணிக்கு நிறுத்துவார்கள், அங்கே வைத்து அவளிடமும் டீச்சரிடமும் நானே சொல்லிவிடுவேன், பிறகு அம்மாவிடம், பிறகு கோயிலில். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை என்னை எண்ணச் சொல்ல மாட்டாள், அது எனக்குத் தெரியும். அதுவரை, அவள் நீந்தி முடிக்கிற வரை மட்டும், உன்னிடம் யாரும் கேட்டால் நீயும் மழை என்றே சொல்லு மகனே.

நீ நல்லாயிருக்க வேண்டும், உன் கை பிடித்துத் தூக்கிவிட்ட உயிரெல்லாம் நல்லாயிருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்

உன் அப்பா,
வீரய்யா