மாடிப்படி ஓடி வந்தேன்

மார்ச் 3, திங்கள்
போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பக்கத்து அறையில் அப்பாவின் குறட்டை. கூரையே இடிந்து விழுந்தாலும் எழமாட்டார். அம்மாவுக்கு இன்றுதான் முதல் நைட் டூட்டி. நேற்று வரை அவளை ஒட்டிக்கொண்டு படுத்தவள் நான். அலமாரிக் கதவு தானாகத் திறக்கிறதா? இல்லை. இல்லைதான்.

மார்ச் 4, செவ்வாய்
இத்தனை வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டு, நாற்பதை நெருங்கும்போது நர்ஸிங் படித்தவள் அம்மா. பழைய பழக்கம் போகவில்லை. நேற்று ஒரு தாத்தாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிப் போகும்போது, திருப்பத்தில் அவள் கால் தானாகத் தரையை மிதித்ததாம். பயிற்சிக் காரில் அவள் பக்கமும் ஒரு பிரேக் இருக்குமே, அந்த நினைப்பு. தாத்தா திரும்பி, "ஏம்மா, எனக்கு லைசென்ஸ் கிடைக்குமா?" என்றாராம். பால் குடித்துக்கொண்டிருந்த எனக்குப் புரையேறியது. சொல்லி முடித்த அம்மா உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள்.

மார்ச் 8, சனி
அத்தை வந்து அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். "புள்ளைய ராத்திரியில விட்டுட்டு அப்படி என்ன வேலை அண்ணி?"
"அவ பயப்படறான்னு தெரிஞ்சா அன்னைக்கே விட்டுடறேன்" என்றாள் அம்மா.
கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். இனி நான் பயப்படக் கூடாது. சரி, பயப்படுவது தெரியக் கூடாது.

மார்ச் 9, ஞாயிறு
டார்ச் அணைஞ்சு போச்சு. தெருவிளக்கு வெளிச்சத்துல எழுதறேன். அம்மா, சீக்கிரம் வாயேன்.

மார்ச் 13, வியாழன்
மாட்டிக்கொண்டேன்.

கிளம்பும்போது அம்மா என் கையைப் பிடித்தாள். சும்மா பிடித்தால் பரவாயில்லை. விரல் நாடிக்குப் போய்விட்டது, கண் கடிகாரத்துக்குப் போய்விட்டது.
"ஏன் இப்படி அடிச்சுக்குது?"
"மாடிப்படி ஓடி வந்தேம்மா."
எங்கள் வீட்டில் மாடியே இல்லை.

அம்மா பையைக் கீழே வைத்தாள். போச்சு, வேலையை விடப்போகிறாள் என்று நினைத்ததுமே அழுகை வந்துவிட்டது. பயம்தான், ஆனால் நீ வேலையை விட்டால் அதைவிட அழுவேன், அந்தத் தாத்தா கதையெல்லாம் அப்புறம் யார் சொல்வார்கள் என்று என்னென்னவோ உளறினேன்.

அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு அப்பாவைக் கூப்பிட்டு என் கட்டிலருகே நிறுத்தினாள். டூட்டி மாறும்போது நர்ஸ்கள் நோயாளி பக்கத்தில் நின்று அடுத்தவரிடம் இப்படித்தான் ஒப்படைப்பார்களாம்.
"பேஷண்டுக்கு இருட்டுன்னா பயம். அலமாரியைத் திறந்து காட்டணும். தூங்கற வரைக்கும் பக்கத்துலயே இருக்கணும். குறட்டை கூடாது."
அப்பா விறைப்பாக நின்று, "சரிங்க சிஸ்டர்" என்றார்.

மார்ச் 14, வெள்ளி
பேஷண்டுக்கு முன்னால் நர்ஸ் தூங்கிவிட்டார், என் கால்மாட்டிலேயே. இந்தக் குறட்டைக்கு அலமாரியிலிருந்து எது வந்தாலும் திரும்பி ஓடிவிடும்.

ஏப்ரல் 2, புதன்
அம்மாவை அவசர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். இன்றிலிருந்து அங்கேதான் நைட் டூட்டி. வாசலில் செருப்பை இடது வலது மாற்றிப் போட்டுக்கொண்டாள். கையைப் பிடித்து நாடி பார்த்தேன். குதிரை ஓட்டம்.
"என்னம்மா இது?"
"மாடிப்படி ஓடி வந்தேன்" என்றாள்.
நான் காலால் தரையை மெல்ல மிதித்துக் காட்டினேன், பிரேக். சிரித்துவிட்டாள். நாடி இறங்கும்வரை கையை விடவில்லை.

அப்பாவை அவர் அறைக்கே போய்ப் படுக்கச் சொல்லிவிட்டேன். குறட்டை சுவரைத் தாண்டி வருகிறது. அலமாரியை இன்று திறந்து பார்க்கவே இல்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.