கோட்டைக்குளத்துச் சாவிகள்

திண்டுக்கல் பகுதி,
பூட்டுச் சங்கத் தெரு,
சார்வரி வருஷம் வைகாசி மாசம், 25-5-60.

அன்பு மகள் பொன்னழகுக்கு உன் அம்மா மாயம்மாள் ஆசீர்வாதத்தோட எழுதுறது. இங்க நானும் உங்கய்யாவும் கை கால் சுகத்தோட இருக்கோம், மலை இருக்கு, வெயில் இருக்கு, தண்ணி மட்டும்தான் இல்ல. அங்க நீ வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியா இருக்கணும்னு அபிராமியை வேண்டிக்கிறேன். உன் கடுதாசி வந்து சேந்துச்சு. மாசக்கணக்கா ரயில்ல உக்காந்து போயும் எங்கயும் ஊர் முடியல, வழி பூராவும் வீடும் தெருவும் வாசலுமாத்தான் இருந்துச்சு, கடலைக்கூடப் பாலம் போட்டு மூடி அதுக்கு மேலயும் சனம் குடியிருக்கு, உலகம் பூராவும் ஒரே ஊர்தான்னு பள்ளிக்கூடத்துல படிச்சதைக் கண்ணால பாத்தேன்னு எழுதியிருந்த. நான் வடமதுரை வாசலைத் தாண்டினதே ரெண்டொரு கல்யாணத்துக்குத்தான். எம் வயித்துல பொறந்தது அம்புட்டுத் தூரம் போயிருக்கேன்னு நெனச்சா பெருமையாவும் இருக்கு, பயமாவும் இருக்கு. அங்க மானத்துல இருந்து வெள்ளையா பனி கொட்டுதாமே, ஈரத்தலையோட வெளிய போய்த் தொலையாத, உச்சிக்கு நல்லெண்ணெய் வை. இங்க பகல்னா அங்க ராத்திரின்னு உங்கய்யா சொல்றாரு, அதனால நான் சோறு திங்க உக்காரயில எல்லாம் எம்புள்ள இந்நேரம் தூங்கும்னு நெனச்சுக்குவேன்.

இனி நம்ம பகுதிச் சேதிக்கு வாரேன். நீ தண்ணிச் சங்கத்துல வேலைக்குச் சேந்த சேதி இங்க எட்டுறதுக்கும், நம்ம பூட்டுச் சங்கத்துக்கும் அவுகளுக்கும் மறுபடி சண்டை மூளுறதுக்கும் சரியா இருந்துச்சு. ராசா இல்லாத ஊர்ல சங்கம்தான் ராசா, அதுவும் ஒரு ராசாவா இருந்தாத் தேவலை, தெருவுக்கு ஒரு ராசாவால்ல இருக்கான். இந்தப் பக்கத்து மடை எல்லாம் திறந்து விடுறாரே தண்ணிச் சங்கத்து அப்துல் வாஹித், அவரு வந்து எங்க குழாய் வண்டி போகணும், வடமதுரை வாசலைத் திறந்து விடுங்கன்னு மரியாதையாத்தான் கேட்டாரு. நம்ம சங்கத் தலைவரா வந்திருக்காரே பொம்மையன், வாசல் எங்க பூட்டு, எங்க இஷ்டம்னு மீசையை முறுக்கிட்டாரு. அவுக பதிலுக்கு வாய்க்காலை அடைச்சுட்டாக. குளத்தோட கோவிச்சுக்கிட்டு குண்டி கழுவாமப் போனவன் கதைதான், வேறென்ன சொல்ல. பங்குனிக்குள்ள கோட்டைக்குளம் வெறும் சேறாப் போச்சு, அந்த நாத்தத்துக்குக் கரைப் பக்கம் யாரும் போறதில்ல. தோட்டச் சங்கத்து ராமுத்தாய் மொட்டை மாடியில போட்டிருந்த கத்திரியும் வெண்டையும் கருகிக் கெடக்கு, எங்களுக்கு வெஞ்சனம்னா துவையல்தான். குடிக்கிற தண்ணிக்குக் குடத்தைத் தூக்கிக்கிட்டுச் சித்தையன்கோட்டைத் தெரு வரைக்கும் போறேன்.

இந்தக் கோவத்துல பொம்மையன் கண்ணு உன் மேல விழுந்துச்சு. பூட்டுக்காரன் மக எதிரிச் சங்கத்துல போய்க் கூலி வாங்குறா, அவ சாவியை எறிஞ்சுரணும்னு சங்கத்துச் சாவடியில தீர்மானம் போட்டுட்டாக. உனக்குத் தெரிஞ்ச வழக்கம்தான், ஆனாலும் சொல்லித் தீத்தாத்தான் எனக்கு வயித்தெரிச்சல் அடங்கும். நீ பொறந்தப்ப உங்கய்யா உன் பேரை வெட்டி ஒரு குட்டி மாங்காப் பூட்டு செஞ்சாரு, நம்ம சங்கத்துல எல்லாப் புள்ளைக்கும் செய்யிறதுதான். பூட்டு சாவடிக் கம்பியில தொங்குது, சாவி என் இடுப்புக் கயித்துல தொங்குது. ஒரு பூட்டுக்கு ஒரே சாவி, மாத்துச் சாவி செய்யிறதில்லன்னு சங்கத்துச் சத்தியம். தூரந்தொலைவு போன புள்ள திரும்பி வந்தா பெத்தவ சாவியோட வாசல்ல போய் நிக்கணும், காவக்காரன் பூட்டைக் கொண்டாருவான், பூட்டு திறந்தா வாசலும் திறக்கும், அப்படிச் சாவி உள்ளவளைத் தடுக்கச் சங்கத் தலைவனாலயும் முடியாது. சங்கத்தை விட்டுப்போன புள்ளைன்னா பெத்தவளே அந்தச் சாவியைக் கோட்டைக்குளத்துல எறியணும். அதோட சரி, அந்தப் புள்ள வாசலுக்கு அந்தப் பக்கம் நின்னு தொண்டை கிழியக் கத்தினாலும் கதவு திறக்காது. பக்கத்து வீட்டுச் சிவனம்மாளுக்கு அதுதான நடந்துச்சு. அவ மகன் ராமர் விளக்குச் சங்கத்துக்குப் போயிட்டான்னு நாலு பேர் சுத்தி நின்னு அவளை எறிய வச்சாக, நீ அப்பச் சின்னப்புள்ள. அதுக்கப்புறம் அவ யாரோடயும் முகங்குடுத்துப் பேசினதில்ல.

எறிய மாட்டேன்னு சொல்லிட்டேன். சாவடிக்குள்ள பொம்பளை குரலை உசத்தக் கூடாதாம், அதனால வாசப்படியில நின்னு உசத்தினேன். எறியலைன்னா உங்கய்யாவுக்குப் பட்டறையில இடம் கிடையாது, வீடும் சங்கத்து வீடு, காலி பண்ணணும்னாக. உங்கய்யா வழக்கம்போல ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால். எறிஞ்சுட்டா என்ன, புள்ளை நம்ம மனசுல இருந்தாப் போதாதான்னு மெதுவாக் கேட்டாரு. எனக்கு வந்துச்சு பாரு கோவம், மனசுல பாய் விரிச்சு அவளைப் படுக்க வைப்பீகளா, மனசுல உக்கார வச்சு அவளுக்குச் சோறு போடுவீகளான்னு கேட்டேன். மனுசன் எந்திரிச்சுப் பட்டறைக்குப் போயிட்டாரு. பாவம், அவரைக் குத்தம் சொல்லி உனக்கு எழுதுறேன்னு நெனைக்காத, பட்டறையை விட்டா அவருக்கு வேற உலகம் தெரியாது.

போன வெள்ளிக்கிழமை சங்கமே திரண்டு வந்து என்னைக் குளத்தங்கரைக்குக் கூட்டிட்டுப் போச்சு. நானும் போனேன், எதுக்குப் பயப்படணும். கரையில நின்னு பொம்மையன் எறின்னாரு. எதுல எறியன்னு கேட்டேன், தண்ணி எங்க இருக்குன்னு கேட்டேன். பின்னால நின்ன எளவட்டம் எல்லாம் சிரிச்சுருச்சு. சேத்துல எறி, தண்ணி எப்படியும் வரும்னு கத்தினாரு. சேத்தைப் பாத்தேன் ஆத்தா. பாத்தவ பாத்தபடியே நின்னுட்டேன். குளம் பூராவும் அங்கங்க மஞ்சளா மினுங்குது. அம்புட்டும் சாவி. எத்தனை தலைமுறையா நம்ம பொம்பளைக எறிஞ்ச சாவியோ, தண்ணி வத்தினதும் எல்லாம் மேல வந்து கெடக்கு. துருவேறிப் போற இரும்புல செஞ்சிருந்தா என்னைக்கோ மண்ணோட மண்ணாப் போயிருக்கும், நம்ம ஆளுகளுக்குத்தான் கைவேலைத் திமிரு உண்டே, எறியப்போற சாவின்னாலும் பித்தளைதான், துரு ஏறக்கூடாதுன்னு ஆயிரம் தரம் பெருமை பேசுவாங்களே. திண்டுக்கல்லுல குளம் வத்தும்னு மட்டும் எவனுக்கும் தோணல பாரு, இவுகதான் உலகத்துக்கே பூட்டுப் போடுறவுக.

எனக்கு முன்னால எறங்கினது சிவனம்மாதான். யாரும் எதிர்பாக்கல. சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு முழங்கால் சேத்துல எறங்கி, ராமரு ராமருன்னு முணங்கிக்கிட்டே கையை விட்டுத் துழாவினா. நானும் எறங்கினேன். அப்புறம் பாக்கணும், கரையில நின்ன பொம்பளைக ஒண்ணொண்ணா எறங்குது, அஜீஸுன்னிசா எறங்கினா, நம்ம ஒச்சாயி பேரனை இடுப்புல வச்சுக்கிட்டே எறங்கினா. எத்தனை வீட்டுல இப்படி ஒரு புள்ளை இருந்துச்சுன்னு எனக்கே அன்னைக்குத்தான் தெரியும், வெக்கப்பட்டுக்கிட்டு யாரும் வாய் திறக்கலையே. பொம்மையன் மேல வாங்க மேல வாங்கன்னு கரையிலயே குதிச்சாரு, சேத்துல எறங்கினா அவரு வேட்டி அழுக்காயிருமே. கெடச்சதை எல்லாம் முந்தானையில கட்டிக்கிட்டு எங்க வீட்டு முத்தத்துக்கு வந்தோம், புளியும் சாம்பலும் போட்டுத் தேச்சோம். புதுசாட்டம் பளபளன்னு வந்துச்சு. அழுதுக்கிட்டே தேச்சாளுக, சிரிச்சுக்கிட்டே தேச்சாளுக, நானும் அழுதேன், சொல்றதுக்கு என்ன.

அப்படியே சாவடிக்குப் போனோம். எது யாரோட சாவின்னு எப்படித் தெரியும், ஒவ்வொரு சாவியையும் ஒவ்வொரு பூட்டுலயும் போட்டுப் போட்டுப் பாத்தோம். ராமர் பேர் வெட்டின பூட்டு சிவனம்மா கையில டக்குன்னு திறந்துச்சு. அவ கீழ உக்காந்துட்டா. பூட்டை நெஞ்சோட வச்சுக்கிட்டு உக்காந்தவளை ரெண்டு பேர் பிடிச்சும் எழுப்ப முடியல. பொம்மையன் ஓடியாந்து, பழைய பூட்டை எல்லாம் உடைச்சுட்டுப் புதுசு செய்யுங்கன்னு, சாவடியை ஒட்டின பட்டறையில இருந்து வந்து நின்ன உங்கய்யாவைப் பாத்துச் சொன்னாரு, வேலையில உங்கய்யாதான் மூத்த கை. நான் அவரு மூஞ்சியையே பாத்தேன். உங்கய்யா கையில இருந்த அரத்தைக் கீழ வச்சாரு. புள்ளை பேர் வெட்டின பூட்டை உடைக்கிறதுக்கு நான் இந்தத் தொழிலுக்கு வரலன்னு சொல்லிட்டு, மேல்துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு என் பக்கத்துல வந்து நின்னாரு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து இம்புட்டு அழகா அவரை நான் பாத்ததில்ல. அவரைப் பாத்து மத்தவுகளும் அரத்தை வச்சுட்டாக.

அதுக்காக எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு நெனைக்காத. உங்கய்யா இன்னும் பட்டறைக்குப் போகல, வீட்டைக் காலி பண்ணச் சொல்லி ஆள் வந்துட்டுப் போனான், நான் வாசல்ல கோலம் போட்டுக்கிட்டே, போய் உன் தலைவரை வரச் சொல்லுன்னு அனுப்பிட்டேன். எறிஞ்ச சாவி எறிஞ்சதுதான், சேத்துல எடுத்தது செல்லாதுன்னு பொம்மையன் பேசிக்கிட்டுத் திரியுறாராம். செல்லுமா செல்லாதான்னு வாசல்லதான் தெரியும். அதனால நீ வா ஆத்தா. உன் சாவி எறியாத சாவி, அதை மறுக்க அவருக்கு வழியே இல்ல, ஆனா நீ தனியா வரக்கூடாது. விளக்குச் சங்கத்துக்காரங்க எந்தத் தெருவுலயும் இருப்பாங்க, விளக்கு ஏத்துற ஒவ்வொருத்தன்கிட்டயும் திண்டுக்கல் ராமர் எங்கன்னு கேளு, உலகம் பூராவும் ஒரே ஊர்தான, கேட்டுக்கிட்டே போனா எங்கயாவது அம்புடுவான். உன் ஆத்தா உசுரோட இருக்கா, பூட்டு திறந்துருச்சுன்னு சொல்லு. அவனைக் கூட்டிக்கிட்டு வா. உனக்கு முன்னால அவனை உள்ள விடச் சொல்லி நான் காவக்காரன்கிட்ட மல்லுக்கட்டுறேன், எறிஞ்ச சாவி ஒண்ணு செல்லிட்டா எல்லாமே செல்லும்.

உடம்பைப் பாத்துக்கோ. அப்துல் வாஹித் வீட்டுக்காரம்மா உனக்குன்னு கொடுத்த மாவடு ஊறுகாயைத் தனிப் பொட்டலமா அனுப்பியிருக்கேன், சண்டை சங்கத்துக்குத்தான், அவுக நமக்கு நல்லவுக, மறக்காம ரெண்டு வரி எழுதிப் போடு. தீர்க்காயுசா இரு, உன் கையில எடுத்தது எல்லாம் துலங்கட்டும். இன்னும் ஒரு சங்கதி. பெத்தவ செத்துப்போன சாவிக கொஞ்சம் ஆள் இல்லாம மிச்சம் கெடந்துச்சு, அந்தப் புள்ளைக இந்த ஊர்ல எந்த மூலையில இருக்கோ, நமக்கு யாரு இருக்கான்னு வராமலே இருக்கோ. அதை எல்லாம் நானே இடுப்புல கட்டிக்கிட்டேன். பூட்டுச் சங்கம் வாசலை அடைச்ச புள்ளைக யாரைப் பாத்தாலும் சரி, பயப்படாம வரச் சொல்லு. காவக்காரன் பெத்தவ எங்கன்னு கேட்டா நான்தான்னு சொல்லுவேன், அம்புட்டுப் பேரையும் நான்தான் பெத்தேன்னு அபிராமி சந்நிதியில சூடம் அடிச்சுச் சத்தியம் பண்ணுவேன், இல்லைன்னு பொம்மையன் ரூபிக்கட்டும் பாப்போம்.

இப்படிக்கு,
உன் வரவைப் பாத்திருக்கிற அம்மா,
மாயம்மாள்.