கலண்டர்த் தாள் உறை

அக்கா,

இன்று காலை உங்கள் மகள் தந்த புத்தகத்தை விரித்ததும் கராம்பு வாசம் வந்தது. பூச்சி அரிக்காமல் அலுமாரியில் கராம்பு போட்டு வைப்பவர் நீங்கள்தான். உங்களை அடக்கம் செய்து மூன்று மாதமாகிறது. அந்த வாசத்தோடு, பதினாறு வருடமாக என் நெஞ்சில் கிடந்த பயமும் வெளியேறிவிட்டது.

துறைமுக வேலையாட்களின் வரிசை வீடுகளில் நாங்கள் அடுத்தடுத்த வீடு. ஐந்தாம் வகுப்போடு நின்ற என்னிடம், "வாசிக்க ஒண்டு சொல்லு பிள்ளை" என்று வேலிக்கு மேலால் கேட்பீர்கள். பழைய காவியம் ஒன்றைத் தந்தேன். வாசித்து முடித்துவிட்டு, "இந்த ராசாமாருக்குக் குசினியில ஒரு சமையல் வேலை குடுத்திருந்தா இவ்வளவு சண்டை வந்திராது" என்றீர்கள். அதையும் என் கொப்பியில் எழுதிவைத்தேன். எந்தப் புத்தகம், எப்போது போனது, எப்போது வந்தது, நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எல்லாம் அதில் இருக்கிறது.

என் மாமியாருக்கு நான் தேவாரப் புத்தகம் தவிர வேறெதையும் தொடக் கூடாது. அதனால் எல்லாவற்றுக்கும் கலண்டர்த் தாளின் வெள்ளைப் பக்கம் வெளியே தெரிய உறை போட்டேன். புத்தகத்தின் பெயரை மேலே எழுதவில்லை. சாமி கும்பிடுகிறவள் செய்யும் வேலையா என்று நீங்கள் சிரிப்பீர்கள்.

பதினாறு வருடத்துக்கு முன், உங்கள் சின்ன மகன் காய்ச்சலில் இறந்துபோன அந்த மாதம், நிலாவெளியில் உங்கள் தாய் வீட்டுக்குப் புறப்பட்டு நின்றீர்கள். "ஏதும் பொய்க்கதையாத் தா, பிள்ளை. உண்மையா நடந்தது ஒண்டும் எனக்கு இப்ப ஏலாது." பறக்கும் குதிரைக் கதை ஒன்று என்னிடம் இருந்தது. பஸ் வந்துவிடும் என்ற அவசரத்தில் எடுத்துத் தந்தேன்.

ஒரு கிழமை கழித்து அலுமாரியைத் திறந்தால் குதிரை அங்கேயே இருந்தது. உங்களிடம் போனது, பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் தன் வாழ்க்கையைத் தானே எழுதிய புத்தகம். சுவாமி அறையில் போய் இருந்து அழுதேன்.

திரும்பி வந்த நீங்கள் அந்தப் புத்தகத்தைத் தரவுமில்லை, அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவுமில்லை. கேட்க எனக்கு வாய் வரவில்லை. பிறகும் எத்தனையோ புத்தகம் தந்தேன், நீங்களும் வாங்கி வாசித்தீர்கள். கொப்பியில் அந்த ஒரு வரி மட்டும் முடியாமல் கிடந்தது.

இன்று உங்கள் மகள் சொன்னாள்: "அன்ரி, அம்மா இதை உங்களிட்டக் குடுக்கச் சொன்னவ. தம்பியின்ர நினைவு நாள் வந்தா அம்மா இதைத்தான் எடுத்து வாசிப்பா. 'நான் பொய்க்கதை கேட்டனான், அவள் எனக்கு எது வேணுமெண்டு தெரிஞ்சு தந்தவள், திருப்பிக் கேக்கவுமில்லை' எண்டு சொல்லுவா."

எனக்குத் தெரியாது, அக்கா. உறைகள் ஒன்றுபோல இருந்ததால் புத்தகம் மாறிப் போனதுதான். உயிரோடு இருக்கும்போது சொல்லியிருந்தால் நீங்கள் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். மாற்றி எடுக்க வைத்தவர் எங்கள் கோயில் கோணேசர் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். இல்லை, எங்கள் மாதாதான் என்று நீங்கள் சண்டைக்கு வருவீர்கள். வாருங்கள், விட்டுக்கொடுக்கிறேன்.

கொப்பியில் அந்த வரியை இன்று முடித்தேன். புத்தகம் மாறிப் போன நாள் தொட்டு யாருக்கு எதைக் கொடுத்தாலும் முதல் பக்கத்தைத் திறந்து பார்த்துத்தான் கொடுக்கிறேன். போகும்போது உங்கள் மகளும் வாசலில் நின்று, "வாசிக்க ஏதும் இருக்கோ, அன்ரி?" என்று கேட்டாள். அன்று உங்களுக்கென்று நினைத்த அந்தக் குதிரைக் கதையை, உறையைக் கழற்றிவிட்டுக் கொடுத்தேன்.