சொர்ணத்தின் முகத்தில் பட்ட வெயில்

தாராவி, பம்பாய்
7-6-1962

ஐயா பூலோகம், உன் தங்கச்சி சொர்ணத்துக்குப் பெருநோய் இல்லை, குஷ்டம் இல்லவே இல்லை, பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா கண்ணை மூடச் சொல்லி ஊசியால் குத்திப் பார்த்துத் தன் வாயாலேயே சொல்லிவிட்டாள்!

இதை எழுதாமல் உன் நலம் விசாரிக்க எனக்குக் கை வரவில்லை ராசா. ஏடனில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இருமல் விட்டதா? இங்கே அப்பா இருக்கிறார், நான் இருக்கிறேன், சொர்ணமும் இருக்கிறாள், அதற்குமேல் சௌக்கியம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். என்ன நோய், யார் சொன்னது என்று நீ திகைப்பாய். இல்லையென்றால் கோவண்டியிலிருந்து ஆவுடையம்மா மதினி தன் மகன் வேலுச்சாமிக்கு எழுதிப்போட்ட காகிதம் இதற்கு முன்னாடியே உங்கள் அறைக்கு வந்து சேர்ந்திருக்கும். நீயும் அவனும் ஒரே அறையில் படுத்து ஒரே கப்பல் பட்டறைக்குப் போகிறவர்கள், அவன் முகம் மாறியிருந்தால் உனக்குத் தெரிந்திருக்கும். அந்தக் காகிதத்தில் இருப்பது தப்பு. நடந்தது இதுதான், ஒன்று விடாமல் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

சித்திரையில் மதினி பெண் பார்க்க வந்தாளே, அன்றைக்கு நல்லபடியாகத்தான் பேசினாள், புறப்படும்போது வாசலில் நின்று, பிள்ள மூக்கும் முழியுமா லெச்சணமாத்தான் இருக்கா, ஆனா வெயில்ல கெடந்து கருத்துப் போயிருக்கா, எம்மவன் ஆவணியில வாரதுக்குள்ள நெறம் கொஞ்சம் தெளிஞ்சா நல்லாருக்கும் மதினி, என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் சிரித்துச் சமாளித்தேன். மாதுங்கா மெஸ்ஸுக்கு ஊறுகாய் போடுகிற வீட்டுப் பிள்ளை கூரை மேல் ஏறாமல் எப்படி இருப்பாள், எலுமிச்சை நறுக்கி உப்புப் பிசிறித் தகரத்தின் மேல் பரப்புவதும் புரட்டுவதும் அவள்தானே. ஆனால் அந்தப் பேச்சு அவள் மனசில் போய் உட்கார்ந்துகொண்டது எனக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு ராபியா இருக்கிறாளே, உன் தங்கச்சியின் நிழல், அவள் எங்கேயோ கேட்டுக்கொண்டு வந்து எலுமிச்சைச் சாறு தேய்த்தால் முகம் வெளுக்கும் என்று சொல்லியிருக்கிறாள். நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில் இரண்டு பேரும் நறுக்கின பழத்தை எடுத்து முகம், கழுத்து, கை எல்லாம் தேய்த்திருக்கிறார்கள். கழுவினால் பலன் போய்விடும் என்று அப்படியே விட்டிருக்கிறார்கள். ராபியாவை அவள் அம்மா அடுப்பு வேலைக்குக் கூப்பிட்டுவிட்டாள், அவள் உள்ளே போய்விட்டாள். இவள் கூரைக்கு ஏறிவிட்டாள், வைகாசி வெயில், தகரம் கொதிக்கிற நேரம், பரப்பி முடிக்கிறவரை சாறு வழிய வழிய அங்கேயே நின்றிருக்கிறாள்.

மறுநாள் முகம் எரிகிறது என்றாள், வேர்க்குரு என்று நினைத்தேன். அப்புறம் கொப்புளம் கிளம்பியது. அம்மை போட்டிருக்கிறதோ என்று வேப்பிலை சொருகினேன். கொப்புளம் அடங்கின இடமெல்லாம் கரி அப்பின மாதிரி கறுத்துப்போனது. கன்னத்தில் திட்டு, கழுத்தில் கோடு கோடாக இறங்கி மார்பு வரைக்கும் போகிறது, கையிலும் அப்படியே. என்னத்தட்டி தேச்ச, என்று எத்தனை தரம் கேட்டாலும் ஒன்றும் இல்லை என்றே சாதித்தாள். மெஸ்ஸுக்குப் போகிற பழத்தில் கை வைத்தால் நான் கத்துவேன் என்ற பயம் ஒன்று, மாமியார் சொன்ன சொல்லுக்காக இப்படிச் செய்தாள் என்று நாலு பேர் சிரிப்பார்கள் என்ற வெட்கம் ஒன்று.

அந்த நேரம் பார்த்து மதினி பூவும் பழமுமாக நாள் குறிக்க வந்தாள். சொர்ணத்தைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைக்கவே இல்லை, என்னட்டி இது, தேமலா, இல்ல அந்தப் பெரிய சீக்கா, என்று கேட்டுவிட்டுக் காப்பியைத் தொடாமல் போய்விட்டாள். அவ்வளவுதான் ஐயா. எதிர் வீட்டு நயினார் பெண்சாதி குழாயடியில், உங்க கொடத்தக் கடைசில வச்சுக்கிடுங்க அக்கா, நாங்க சின்னப் பிள்ளைகள வச்சிருக்கோம்லா, என்று மெதுவாகத்தான் சொன்னாள், அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எங்கள் முறை வருவதற்குள் தண்ணீர் நின்றுபோகும். மெஸ்ஸிலிருந்து ஜாடியெல்லாம் திறக்காமலே திரும்பி வந்தது. தோல் கம்பெனியில் அப்பாவுக்கு மட்டும் டீ தனி கிளாஸில் வருகிறதாம், அவர் சொல்லவில்லை, கூட வேலை பார்க்கிற பிச்சையா வந்து சொன்னான். சொர்ணம் மூலையில் சாக்கைத் தொங்கவிட்டு அதற்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். கண்ணாடியைக் கேட்டாள், நான் ஒளித்து வைத்துவிட்டேன், தகரப் பெட்டியின் மூடியில் முகம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனசைத் திடப்படுத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மாவின் ஹிந்தி எனக்கு முழுக்கப் பிடிபடாது என்று ராபியாவும் கூட வந்தாள். அங்கே நிஜமாகவே அந்த நோய் வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சொர்ணம் தூணோரம் நின்றாள். விரல் மடங்கின ஒரு மராட்டிக்காரி தன் முந்தானையைச் சுருட்டிக்கொண்டு பெஞ்சில் இடம் விட்டு, பைட் பேட்டி, உட்காரு மகளே, என்றாள். இத்தனை நாளில் எங்களுக்கு இடம் கொடுத்த ஒரே ஆள் அவள்தான். டாக்டரம்மா இறகால் தடவினாள், ஊசியால் குத்தினாள், காதுமடலைக் கீறி எடுத்துக்கொண்டு போய்ப் பரிசோதித்தாள். குத்தின இடமெல்லாம் சொர்ணம் ஆ ஆ என்றாள், உணர்ச்சி எங்கேயும் போகவில்லை. கழுத்துக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்து டாக்டரம்மா என்னமோ கேட்டாள். ராபியா அழ ஆரம்பித்துவிட்டாள். நோய் வந்தா இப்படித் தண்ணி வழிஞ்ச மாதிரி கோடு விழாதாம் மாமி, எதையோ பூசிருக்கீங்கன்னு சொல்லுதாவ, நாந்தான் மாமி சொல்லிக் குடுத்தேன், எலுமிச்சம்பழம் தேச்சோம், என்று அங்கேயே என் காலைப் பிடித்தாள். டாக்டரம்மா ராபியாவின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு பொட்டு மாசு இல்லை. நீ வெயிலில் போகவில்லையா என்றாள், போகவில்லை என்றாள் இவள். அப்போதுதான் விளங்கியது ஐயா. பழத்தால் மட்டும் இல்லை, வெயிலால் மட்டும் இல்லை, சாறு பட்டுக் கழுவாத தோலில் வெயில் பட்டதால் வந்த புண். இனிமேல் எலுமிச்சை, மஞ்சள், கடலைமாவு எதையும் தேய்க்கக் கூடாது, தேங்காயெண்ணெய் போதும், வெளியே போனால் முழுக்கை ரவிக்கை, தலையோடு கழுத்தை மூடித் துணி, மறுபடியும் வெயில் பட்டால் இன்னும் கறுக்கும், படாமல் காத்தால் மாசக் கணக்கில் மெல்ல மெல்ல மங்கும் என்றாள். ஆவணிக்குள் மங்குமா என்று கேட்டேன். கையை விரித்துவிட்டாள்.

நோய் இல்லை என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். இங்கிலீஷில் இருக்கிற சீட்டு யாருக்குப் புரிகிறது. துட்டு குடுத்தா எழுதிக் குடுப்பாவ அக்கா, என்று என் முகத்துக்கு நேரே சொன்னார்கள். ராபியாவின் அம்மா மட்டும் தன் குடத்தோடு நம் குடத்தையும் பிடித்துத் தருகிறாள். அப்பா, ஆடி பிறக்கதுக்குள்ள அவள ஊர்ல எங்க அக்கா வீட்டுல கொண்டு விட்டுட்டு வந்துருதேன், என்கிறார். அவருக்கும் வேறு வழி தெரியவில்லை. ஆனால் ஒருதரம் அவளை ரயில் ஏற்றிவிட்டால் சொன்னது மெய்தான் என்று ஆகிவிடும், அதற்கப்புறம் அவள் முகம் நிலவாய்த் தெளிந்தாலும் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

உனக்கும் ஒன்று சொல்கிறேன், அலட்சியம் பண்ணாதே. பட்டறையில் கையில் ஒட்டுகிற கிரீஸ் போக எலுமிச்சை மூடி தேய்ப்பதாகப் போன தடவை எழுதியிருந்தாய். வேண்டாம் ராசா, சோப்பும் மரத்தூளும் போட்டுக் கழுவு, அங்கே வெயில் இங்கத்து வெயிலுக்கு அப்பன் என்று நீயே எழுதுகிறாய். தலையில் ஈரத்துண்டு போட்டுக்கொள், பிடரியை மூடு, இரும்புத் தகட்டின் மேல் சட்டை இல்லாமல் நிற்காதே.

இப்போது நீ செய்ய வேண்டியது. இந்தக் காகிதத்தைத் தனியாகப் படித்து மடித்து வைத்துவிடாதே. சாப்பாடு முடிந்து எல்லாரும் அறையில் இருக்கும்போது, கோவண்டி ஆள்கள், தாராவி ஆள்கள் எல்லாரையும் உட்காரவைத்து, வேலுச்சாமி முன்னாலேயே உரக்கப் படி. அவனிடம் சண்டை போடாதே, கெஞ்சவும் செய்யாதே. நேற்று எழுத உட்கார்ந்தபோது சாக்குக்குப் பின்னாலிருந்து சொர்ணம் பேசினாள். கறுப்பா இருக்கான்னு வேண்டாம்னு சொல்லட்டும்மா, தழும்பு இருக்குன்னு சொல்லட்டும், அது அவிய இஷ்டம், அந்த நோய் இருக்குன்னு மட்டும் சொல்லி வேண்டாம்னு சொல்லக் கூடாதுன்னு எழுது, என்றாள். எழுதிவிட்டேன். அவன் சம்மதமோ சம்மதம் இல்லையோ, அவளுக்கு நோய் இல்லை என்று கேட்டறிந்தேன் என ஒரு வரி அவன் கையாலேயே எழுதி, ஆடி பிறப்பதற்குள் இங்கே வந்து சேரும்படி விமானத் தபாலில் அனுப்பச் சொல். மகன் கையெழுத்தைப் பார்த்தால் மதினி வாய் அடங்கும், குழாயடியும் அடங்கும். ஒன்றும் வராவிட்டால் அப்பா டிக்கெட் எடுத்துவிடுவார்.

முத்தாரம்மன் உன் கண்ணையும் கைகாலையும் காப்பாளாக, நீ நூறாண்டு நல்லா இருக்கணும் என் ஐயா. துண்டை மறந்துவிடாதே. எல்லாரையும் கூட்டி வைத்துப் படி.

உன் பதிலுக்கு வாசலையே பார்த்திருக்கும் அம்மா,
பிச்சம்மாள்