உங்கள் டப்பாவில் இருந்தது

சித்தப்பா,

காலையில் சித்தி மெக்னீசியம் மாத்திரை டப்பாவைக் குலுக்கும் சத்தம் கேட்டாலே நான் அங்கிருந்து நகர்ந்துவிடுகிறேன். நீங்கள் போய் மூன்று மாதமாகிறது. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் நீங்கள் பெட்டி ஏற்றிய அதே கம்பெனியில் இப்போது சித்தி பெட்டி தூக்குகிறார். இட்லித் தட்டைத் தள்ளிவிட்டு, ஒரு மாத்திரையை விழுங்கிக் கிளம்பிவிடுகிறார். "உங்க சித்தப்பாவுக்கு இதுதான தெம்பு குடுத்துது" என்கிறார்.

போன வருடம் அறிவியல் கண்காட்சிக்காக நான் செய்த சோதனையை நினைத்துக்கொள்கிறேன். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு இந்த மாத்திரை கைப்பலத்தைக் கூட்டுமா? நீங்கள், அப்பா, அம்மா, பக்கத்து வீட்டு அக்கா என்று நான்கு பேர். இரண்டு பேருக்கு உண்மையான மாத்திரை. மற்ற இரண்டு பேருக்கு, அதே கேப்சூல் கூட்டைத் திறந்து அரிசி மாவு அடைத்தது. யாருக்கு எது என்று எனக்கே தெரியக்கூடாது என்பதால் என் தோழிதான் டப்பாக்களைப் பிரித்தாள். பட்டியலை உறையில் போட்டு ஒட்டிவிட்டாள்.

"எனக்கு மாவ குடுத்துடாத பாப்பா, மானம் போயிடும்" என்றீர்கள்.

"மாவா இருந்தா நாலு சேத்து முழுங்கு. டிபன் மிச்சம்" என்று சித்தி சிரித்தார்.

எடை பார்க்கும் மிஷினை நெஞ்சுக்கு நேரே பிடித்து இரண்டு கையாலும் அழுத்த வேண்டும். மற்றவர்கள் வாரம் ஒரு முறை, நான் கூப்பிட்டால்தான் வந்தார்கள். நீங்கள் தினமும் குளிக்கப் போகும் முன் அழுத்தினீர்கள், கழுத்து நரம்பு புடைக்க. நானும் தடுக்கவில்லை. சோதனையில் நான் செய்த தப்பு அது.

கண்காட்சிக்குக் கம்பெனி நண்பர்கள் இருவரோடு வந்தீர்கள். வரைபடத்தில் உங்கள் கோடுதான் எல்லாருக்கும் மேலே இருந்தது. உறையைப் பிரித்தேன். உங்கள் பெயருக்கு நேரே 'மாவு'.

"இன்னா பாப்பா, நம்மளுது மாத்திரைதான?"

நண்பர்கள் உங்கள் முகத்தையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"ஆமா சித்தப்பா" என்றேன். தாளை நான்காக மடித்துவிட்டேன்.

"பாத்தியாடா!" என்று கத்தினீர்கள். அன்று மாலையே புது டப்பா வாங்கி வந்தீர்கள். சொல்லிவிட வேண்டும் என்று பல நாள் வாயெடுத்தேன். அதற்குள் காலாப்பட்டு சாலையில் அந்த லாரி.

நேற்று சித்தி பெட்டியோடு தடுமாறிக் கீழே உட்கார்ந்துவிட்டாராம். இன்று காலை மறுபடியும் டப்பாவைத் திறந்தார். நான் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சித்தி, அப்ப சித்தப்பாவுக்குக் குடுத்தது மாவு. நான் பொய் சொல்லிட்டேன்."

"இன்னாடி சொல்ற?"

எல்லாவற்றையும் சொன்னேன். உடம்பில் அந்தச் சத்து குறையாமல் நன்றாகச் சாப்பிடுகிறவருக்கு மாத்திரை பெரிதாகப் பலம் சேர்ப்பதில்லை என்று படித்ததை. நீங்கள் தினமும் அழுத்திப் பழகியதால் முள் ஏறியிருக்கலாம் என்பதை. சாப்பாட்டுக்குப் பதிலாக இதை விழுங்கினால் தலைதான் சுற்றும் என்பதை.

சித்தி டப்பாவைக் கீழே வைத்தார். பஸ் வரும் நேரம். அறையப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"அந்த மனுஷன் இருந்தப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். "மாத்திரையே இல்லாம ஜெயிச்சேன்னு இன்னும் பெருமையா திரிஞ்சிருப்பாரு."

பிறகு உட்கார்ந்து, தட்டை இழுத்துக்கொண்டார்.

நீங்கள் வெட்கப்படுவீர்கள் என்றுதான் மறைத்தேன் சித்தப்பா. பெருமைப்படுவீர்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பள்ளிக்கு நடக்கும்போது அதுதான் கூட வந்தது. இதை எழுதி முடிக்கும்போதும் போகவில்லை.